அடையின் கீழ்விளிம்பு: ஜவ்வாது மலைத் தேனும் அரசித் தேனீயின் வளர்ச்சியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, பாலாற்றுச் சமவெளிக்கும் தென்பெண்ணைப் படுகைக்கும் இடையில் கிடக்கும் ஜவ்வாது மலை, இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகியிருந்தாலும், சங்க இலக்கியம் பயின்றவர்களுக்கு அது முதலில் சேயாறு பிறக்கும் மலையாகவே அறிமுகமாகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், மலையடிவாரத்துச் செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்களுக்கு வழிகாட்டும் பாட்டு. 583 அடிகளில் அது காட்டும் வழியெங்கும் தேன் தென்படுகிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேறல் விருந்தினருக்குக் கிடைக்கிறது. குரங்கும் ஏறமுடியாமல் திகைக்கும் செங்குத்துப் பாறையில் மால்பு சார்த்தி ஏறித் தேனைக் கொள்ளைகொண்ட குறவர்களின் ஆரவாரம் மலையில் எழும் பல ஒலிகளுள் ஒன்றாகக் கேட்கிறது. மால்பு என்பது கணுக்களில் கிளைத்த முளைகளைப் படியாக விட்டுவைத்த ஒற்றை மூங்கில்; உரைகாரர்கள் அதைக் கண்ணேணி என்பர். ஒரு கருவிக்கென்று தனிச்சொல் நிலைபெற்றிருப்பதே அத்தொழில் பாட்டின் காலத்திற்கு முன்பே வேரூன்றிவிட்டதைக் காட்டும். ஆயினும் பாட்டு காண்பது தேனைத்தான். அந்த அடையின் கீழ்ப்பாதியில் தேன் இல்லை, புழுக்களே இருந்தன என்பது கூத்தருக்குத் தேவைப்படாத செய்தி.

இன்று மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் (மலையை ஆள்பவர் என்ற பொருளிலான பெயரே தவிர, கேரளத்து மொழியோடு இதற்குத் தொடர்பில்லை) தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகக் கருதுகின்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுப்பில் ஜவ்வாது மலையாளிகளின் தோற்றக் கதை பதிவாகியுள்ளது. கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்ற ஏழு வேளாளப் பெண்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்படுகிறார்கள். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் பாதி நீந்தித் திரும்பிவிடவே, ஊரார் அவர்கள் இறந்ததாக எண்ணிச் சடங்கை முடித்துவிடுகின்றனர். வென்று திரும்பியவர்கள் ஊரால் விலக்கப்பட்டு வேடப் பெண்களை மணந்து மலையேறி உழவராகின்றனர். கதையைக் காலக்கணக்கோடு ஒப்பிட்டுச் சோதிப்பதில் பயன் குறைவு. உழவுக் குடியும் வேட்டைக் குடியும் கலந்த மரபு என்று அம்மக்கள் தம்மைப் புரிந்துகொண்டிருப்பதே அதில் கவனிக்கத்தக்கது. சாமை விதைத்தலும் தேன் எடுத்தலும் ஒரே வீட்டில் நடப்பதற்கு அந்தப் புரிதல் நன்கு பொருந்துகிறது.

தமிழ்நாட்டு மலைகளில் கிடைக்கும் தேன், அதைச் சேர்க்கும் பூச்சியைப் பொறுத்துப் பெயர் பெறும். பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடை கட்டும் பெரிய தேனீ தருவது மலைத்தேன். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீ தருவது பொந்துத்தேன் அல்லது அடுக்குத்தேன். புதர்க்கிளையில் உள்ளங்கை அளவில் அடை கட்டும் சிறு தேனீயுடையது கொம்புத்தேன். கொட்டும் திறனற்ற மிகச்சிறிய ஈயுடையது கொசுத்தேன். இவற்றுள் மலைத்தேனீயின் அடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியக்கூடியது. அதன் உள்ளமைப்பு எப்போதும் ஒரே ஒழுங்கில் இருக்கும்: பாறையைப் பற்றியிருக்கும் மேற்பகுதி தடித்துத் தேன் நிறைந்திருக்கும், அதன் கீழே மகரந்தம், அதற்கும் கீழே மெல்லிய பரப்பாக முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் வளரும் அறைகள், புதிய அரசி தேவைப்படும் காலத்தில் அடையின் கீழ்விளிம்பில், வாய் நிலத்தை நோக்கித் தொங்கும் சில நீண்ட அறைகள். பழைய முறைப்படி அடையை முழுதாக அறுத்துத் துணியிலிட்டுப் பிழிகையில் இந்த நான்கு பகுதிகளும் ஒன்றாகிவிடும். பிழிந்த தேன் விரைவில் புளித்துப்போவதற்கு அதில் கலந்த புழுச்சாறும் மகரந்தமும் பெரிதும் காரணம். தேன் தலையை மட்டும் அறுத்துக்கொண்டு புழுப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவிடும் முறை இந்தியாவின் பல பகுதிகளில் கடந்த சில பத்தாண்டுகளில் கற்பிக்கப்பட்டு வருகிறது. அம்முறையில் கத்தி அடையின் ஒரு பகுதியை உணவாகவும் மறு பகுதியை வளரும் உயிராகவும் பிரித்தறிகிறது. உயிரியல் ஆய்வுக்கூடங்களும் இதே பிரிவினைக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாறுதான் இக்கட்டுரையின் பொருள்.

அதற்கு முன் மலைத்தேனின் உரிமை கைமாறியதைச் சொல்லவேண்டும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காடு ஒதுக்கப்பட்ட காடாகி, தேனும் மெழுகும் கடுக்காயும் புளியும் சிறு வன மகசூல் என்ற தலைப்பின்கீழ் வந்தன. எடுப்பவர் ஒருவர், உரிமை மற்றொருவர் என்ற நிலை அப்போது உருவானது. பிற்காலத்தில் லேம்ப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பழங்குடியினர் பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தமிழ்நாட்டு மலைகளில் மகசூலை வாங்கத் தொடங்கின. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் வரையறைக்குள் தேனையும் மெழுகையும் பெயர் குறித்துச் சேர்த்து, அதன் உடைமையை மரபுவழியாகச் சேகரித்து வந்தவர்களுக்கு உரியதாக்கியது.

பெட்டியில் தேனீ வளர்க்கும் முயற்சி இதற்கு இணையாக வேறொரு வழியில் வளர்ந்தது. அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கு இடையே தேனீ நடமாட விட்டுவைக்கும் குறிப்பிட்ட இடைவெளியை 1851-இல் கவனித்து, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். இந்தியத் தேனீ உடலில் சிறியது என்பதால் அப்பெட்டி இங்கே அப்படியே பொருந்தவில்லை. திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், 1910-களில் இந்தியத் தேனீயின் அளவுக்கேற்பச் சிறு பெட்டி ஒன்றை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சி அளித்தார். அது இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச், மார்த்தாண்டத்தில் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமப் பணியின் ஒரு பகுதியாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் வசதி வந்ததும், மலையில் கத்திக்கு மட்டுமே தெரிந்திருந்த புழுப்பகுதி எவர் கண்ணுக்கும் எட்டியது. கூட்டைப் பிரித்துப் பெருக்க விரும்பும் ஒவ்வொரு வளர்ப்பாளரும் புழுவின் வயதை நாள் கணக்கில் அறியவேண்டியவரானார். மலைத்தேனீ மட்டும் எந்தப் பெட்டிக்கும் அடங்கவில்லை. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி, பருவம் மாறியதும் கூட்டமாக இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு அதே பாறைக்கே திரும்பும் இயல்பு கொண்ட அதனிடம் மனிதர்தாம் ஏறிச் செல்லவேண்டியிருக்கிறது.

புழுவின் வயதுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்ற கேள்விக்கு விடை ஐரோப்பாவில் படிப்படியாக உருவானது. கூட்டின் தலைமைத் தேனீயை அரிஸ்டாட்டில் அரசன் என்றே எழுதினார். அது முட்டையிடும் பெண் என்று 1586-இல் ஸ்பானியரான மெந்தெஸ் தெ தோரெஸ் குறித்தார். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டு ஸ்வாமர்டாம் அதன் வயிற்றைப் பிளந்து அண்டகத்தைக் கண்டார். அரசி ஒரு தனி வகை முட்டையிலிருந்து பிறக்கிறாள் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே நின்றது. சாக்சனி நாட்டுப் பாதிரியார் ஷிராக், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரசி இல்லாத கூட்டில் பணித் தேனீயின் இளம்புழு உள்ள அடைத்துண்டை வைத்துப் பார்த்தபோது, தேனீக்கள் அந்தச் சாதாரணப் புழுக்களிலிருந்தே அரசியை உண்டாக்கிக்கொண்டன. பார்வையிழந்த ஜெனீவா அறிஞர் ஃபிரான்சுவா ஹூபர், தம் உதவியாளர் பர்னென்சின் கண்களைத் தம் கண்களாகக் கொண்டு இதை மீண்டும் சோதித்து, 1792-இல் வெளியிட்ட நூலில் அரசியின் அறையில் ஊட்டப்படும் வெண்ணிறக் கூழுக்கு அரசக் கூழ் என்ற பொருளில் பெயரிட்டார். இன்று மருந்துக் கடைகளில் ராயல் ஜெல்லி என்று விற்பனையாவது அதுவே.

இக்கூழ் தேனன்று, பூவிலிருந்து வருவதுமன்று. இளம் பணித் தேனீக்களின் தலையிலுள்ள சுரப்பிகள் சுரக்கும் ஒருவகை உமிழ்நீர் என்றே அதைக் கூறலாம். ஐரோப்பியத் தேனீயில் எல்லாப் புழுக்களும் முட்டை பொரிந்த முதல் மூன்று நாட்கள் சுரப்பிக் கூழையே உண்கின்றன. அதன்பின் பணித் தேனீப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு, அரசிப் புழுவுக்கு இறுதிவரை கூழ். மூன்று நாட்களுக்கு உட்பட்ட புழுவை எடுத்து அரசி அறையில் இட்டால் முழு அரசி கிடைக்கும். பிந்தினால் இரண்டுங்கெட்டான் உருவங்கள் தோன்றும். 1889-இல் அமெரிக்கரான டூலிட்டில், மெழுகுக் கிண்ணத்தில் இளம்புழுவை மாற்றி இட்டு அரசிகளைத் தொகையாக வளர்க்கும் முறையை எழுதியபோது, இந்தக் காலவரம்பு ஒரு தொழிலின் அடிப்படையாயிற்று. முட்டையிலிருந்து அரசி வெளிவர 16 நாட்கள், பணித் தேனீக்கு 21 நாட்கள். உருவில் பெரியவளுக்கு வளரும் காலம் குறைவு என்பது, வளர்ச்சி என்பதை வெறும் உணவின் அளவாகக் கருதியவர்களைத் திகைக்கவைத்த செய்தி.

இந்தத் திகைப்புக்கு விடை தேடியவர்கள் பின்னர் கைக்கொண்ட வளர்ச்சிக் காரணி என்ற கலைச்சொல்லை இங்கே விளக்கவேண்டும். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு வளரவோ பிரியவோ உருமாறவோ கட்டளை தரும் வண்ணம் வெளியிடும் சிறு புரதமே வளர்ச்சிக் காரணி. அக்கட்டளையைப் பெறும் உயிரணுவின் மேற்பரப்பில் அதற்குப் பொருந்தும் ஏற்பி என்னும் புரதம் இருந்தாலன்றி அது எத்தனை சுரந்தாலும் பயனில்லை. எனவே எந்தக் காரணி எவ்வளவு என்பதோடு, எந்தத் திசுவில், எந்த நாளில் என்பதும் சேர்ந்தே பொருள் தரும். இத்துறையின் தொடக்கமும் விந்தையாக உமிழ்நீர்ச் சுரப்பியோடு பிணைந்தது. ரீட்டா லெவி-மொந்தால்சினி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் விக்டர் ஹாம்பர்கருடன் பணியாற்றிய காலத்தில், கோழிக் கருவில் ஒட்டவைத்த சுண்டெலிப் புற்றுக்கட்டியை நோக்கி நரம்பிழைகள் அடர்ந்து வளர்வதை ஆராய்ந்தார். அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க வந்த ஸ்டான்லி கோஹன், சோதனைக்காகச் சேர்த்த பாம்பு நஞ்சிலேயே அப்பொருள் செறிந்திருப்பதைக் கண்டு, நஞ்சுப் பைக்கு இணையான உறுப்பு சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பி என்று எண்ணி அங்கே தேடினார். நரம்பு வளர்ச்சிக் காரணி அங்கே கிடைத்தது. அச்சுரப்பிச் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது, இரண்டு வாரம் ஆகும் தறுவாயில் திறக்கவேண்டிய கண்ணிமை ஒரு வாரத்திலேயே திறந்தது. பல்லும் முந்தி முளைத்தது. அதன் காரணமாக 1962-இல் அவர் விவரித்த புரதமே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. லெவி-மொந்தால்சினிக்கும் கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேனீப் புழுவின் உடலில் இடமும் காலமும் எவ்வாறு செயல்படுகின்றன என்பதற்கு அண்டகமே தெளிவான சான்று. அரசியின் அண்டகத்தில் முட்டைகள் உருவாகும் நுண்குழாய்கள் பக்கத்திற்கு நூற்றைம்பதுக்கும் மேல். பணித் தேனீயில் ஒன்றிரண்டு முதல் பத்துப் பன்னிரண்டு வரையே. ஆனால் இளம்புழுப் பருவத்தில் இருவரிடமும் அக்குழாய்களின் முளைகள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றன. கடைசிப் புழுப்பருவத்தில், பணித் தேனீயாகப் போகும் உடலில் அம்முளைகளின் உயிரணுக்கள் தாமே தம்மை அழித்துக்கொள்கின்றன. அரசிப் புழுவின் உடலில் அதே நாட்களில் மிகுந்து ஓடும் இளமை ஹார்மோன் அந்த அழிவைத் தடுக்கிறது. ஆகவே பணித் தேனீ வளராமல் நின்றுபோன அரசி என்பது சரியான விவரிப்பன்று; அவளிடம் உண்டானவை குறித்த நாளில் களையப்படுகின்றன, அரசிக்கு இல்லாத மகரந்தக் கூடை அவளுடைய பின்னங்காலில் அதே உடலில்தான் உருவாகிறது.

தேனீயின் மரபணுத் தொகுதி 2006-இல் வெளியானபின் தேடல் விரைந்தது. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மரபணுவின் மேல் வேதிக் குறியிடும் நொதி ஒன்றைப் புழுவில் அடக்கியபோது, கூழ் ஊட்டும் நாட்களை நீட்டாமலே பெரும்பாலான புழுக்கள் அரசியின் சாயலில் வளர்ந்தன. 2011-இல் ஜப்பானின் தொயாமாவைச் சேர்ந்த மசாகி கமகுரா நேச்சர் இதழில் இன்னும் துணிவான ஒரு விடையை முன்வைத்தார். கூழை 40 பாகை செல்சியசில் 30 நாட்கள் வைத்திருந்தால் அரசியை உண்டாக்கும் ஆற்றல் மறைகிறது. அந்நாட்களில் சிதையும் புரதங்களுள் ஒன்றை மீண்டும் சேர்த்தால் ஆற்றல் திரும்புகிறது. அவர் ராயலாக்டின் எனப் பெயரிட்ட அப்புரதம், புழுவின் கொழுப்புத் திசுவிலுள்ள மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியின் வழியாக உடலைப் பெருக்கி, வளர்காலத்தைக் குறைத்து, இளமை ஹார்மோனை உயர்த்துகிறது என்றார். கொழுப்புத் திசு என்பது பூச்சியில் கொழுப்பைச் சேமிக்கும் வெறும் பை அன்று. முதுகெலும்புள்ள விலங்கின் கல்லீரல் செய்யும் வேலைகளில் பலவற்றை அது செய்கிறது. பழ ஈயின் அதே திசுவில் அந்த ஏற்பியை அடக்கியபோது கூழின் விளைவு மறைந்ததையும் அவர் காட்டினார். சுண்டெலியின் உமிழ்நீரில் கோஹன் கண்ட புரதத்தின் ஏற்பி, தேனீத் தலைச்சுரப்பியின் கூழுக்கும் கதவாயிற்று என்ற கதை மிக அழகானது. அதை அறிஞர்கள் விரைந்து ஏற்றதில் அந்த அழகுக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

2016-இல் அதே நேச்சர் இதழில், ஜெர்மனியின் ஹாலே நகரில் பணியாற்றிய அன்யா புட்ஸ்டெட்டும் உடனாய்வாளர்களும், அப்புரதம் இல்லாத கூழிலும் அரசி உருவாகிறாள் என்று மறுப்பு எழுதினர். கமகுரா அதற்கு மறுமொழி அளித்தார். அதற்கு முந்திய ஆண்டில் இல்லினாய்ஸ் ஆய்வாளர்கள் கேள்வியைத் தலைகீழாக்கி, மகரந்தத்திலும் தேனிலும் உள்ள ஒரு தாவர அமிலம் பணித் தேனீயின் அண்டகத்தைச் சுருக்குகிறது, அரசியின் சிறப்பு அவளுக்கு அது ஊட்டப்படாமையே என்று வாதிட்டிருந்தனர். உணவின் சர்க்கரை அளவு, இன்சுலினை ஒத்த சமிக்ஞைகள், ஊட்டத்தை உணரும் நொதிகள் ஆகியவையும் அரசி உருவாவதில் பங்கேற்பதாகக் காட்டப்பட்டுள்ளன. ஒற்றைப் பொருளைத் தேடிய ஆர்வம் ஒதுங்கி, எந்தத் திசு எந்த நாளில் எதை உணர்கிறது என்ற கேள்வி மீண்டும் முன்னுக்கு வந்திருக்கிறது.

இந்த நாள்கணக்கின் கொடிய பக்கத்தைத் தென்னிந்தியப் பெட்டி வளர்ப்பாளர்கள் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் கண்டனர். தாய் சாக்புரூட் என்னும் வைரசு நோய், இந்தியத் தேனீயின் புழுவைக் கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் பிடிக்கிறது. புழு தன் கடைசித் தோலை உரிக்கமுடியாமல் நீர் நிறைந்த பையாகி அறைக்குள்ளேயே மடிகிறது. வளர்ந்த தேனீ சாவதில்லை, ஆனால் அடுத்த தலைமுறை வெளிவருவதில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பெட்டிக் கூடுகளில் பெரும்பாலானவை அந்நோயில் அழிந்தன.

கூழின் புதிருக்குத் திரும்பினால், புட்ஸ்டெட் குழுவினர் 2018-இல் ராயலாக்டினுக்கு வேறொரு வேலையைக் கண்டறிந்தனர். கூழில் நிரம்பியிருக்கும் அப்புரதம், அமிலத்தன்மை மிகுந்த சூழலில் மற்றொரு சிறு புரதத்தோடு சேர்ந்து நீண்ட இழைகளாகக் கோத்துக்கொள்கிறது. அதனால் கூழ் பசைபோல் இறுகுகிறது. அமிலத்தன்மை குறைக்கப்பட்ட கூழில் வைத்த புழுக்கள் அறையிலிருந்து நழுவி விழுந்தன. பணித் தேனீயின் அறை பக்கவாட்டில் கிடப்பதால் அதன் புழுவுக்கு இந்த இடர் இல்லை. அரசியின் அறையோ கீழ்நோக்கித் திறந்தது. உடல் பெருக்கும் புழு, தான் உண்ணும் கூழைப் பற்றியே மேற்கூரையில் தலைகீழாகத் தொங்குகிறது. நன்னனின் மலையில் மால்பின்மேல் நின்று அடையை அறுத்தவனின் கைக்குக் கீழே, அடையின் கடைசி விளிம்பில், அந்தப் புழு அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.